எங்கே பறித்தாய் என்று கேட்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போர்கில் வீட்டு முற்றத்தில் முப்பத்தெட்டுப் பேர் கையில் காபிக் கோப்பையோடு நின்றார்கள். எல்லாரும் ஆர்ன்ஃபினைத் தேட வந்தவர்கள். அவனுடைய நீலக் கார் சனிக்கிழமை காலையிலிருந்து அந்த முற்றத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது. பின் சீட்டில் தூண்டில் கழி, முன் சீட்டில் கைபேசி. ஆளைத்தான் காணோம்.

அவன் மனைவி ஹால்டிஸ் அந்தக் காரையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கவலை. இன்னொரு பக்கம், சொல்லவே வெட்கக்கேடு, சந்தேகம். இந்த மாதத்தில் மட்டும் நாலு தடவை அவன் கார் இங்கே நின்றதாகக் கடைக்காரி சொல்லியிருந்தாள். போர்கில்லுக்கு ஐம்பத்திரண்டு வயது. தனியாக இருப்பவள். ரொட்டி சுட்டால் தெருவே மணக்கும். நேற்று சாயங்காலம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆர்ன்ஃபின் வராதபோது ஹால்டிஸ் முதலில் போன் போட்டது மீட்புக் குழுவுக்கு இல்லை, போர்கில்லுக்கு.

"என் வீட்டுக்காரனை நீயா அனுப்பி வைக்கிறியா, இல்ல நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?"

"ஐயோ ஹால்டிஸ், அவன் இங்க காரை மட்டும்தான் நிறுத்துறான். ஒரு காபிக்குக்கூட உள்ள வந்ததில்ல. நானே ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் ஹால்டிஸின் தொண்டையில் முள்ளாக நின்றது. கூப்பிட்டுப் பார்த்தாளாமே!

மீட்புக் குழுவின் தலைவி யூருன், பள்ளிக்கூட டீச்சர். கடற்கரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. நீலக் காரின் முன்மூடிமேல் வரைபடத்தை விரித்தாள். அந்த வரைபடமே ஹால்டிஸ் போட்டுக் கொடுத்ததுதான். குல்மீர் ஊராட்சி அலுவலகத்தில் நிலப்பதிவும் வரைபடமும் அவள் பொறுப்பு. இந்த ஊராட்சியில் பேர் இல்லாத பாறை, பேர் இல்லாத ஓடை கிடையாது. ஆயிரத்து நானூறு இடப் பெயர்களையும் அவள் தன் கையால் வரைபடத்தில் ஏற்றியிருக்கிறாள்.

"நாய் ஓடை வரைக்கும் மோப்பம் பிடிச்சுது. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல," என்றாள் யூருன். "மறுகரையிலயும் தடம் இல்ல."

"ஓடைக்குள்ளேயே நடந்திருப்பான்," என்றாள் ஹால்டிஸ்.

"தண்ணிக்குள்ளயா? எதுக்கு?"

முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் ரப்பர் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தர் இருமினார்.

"பாசியில கால் தடம் விழக் கூடாதுன்னுதான். முல்ட்டேப் பழம் பறிக்கப் போறப்ப யாராவது பின்னாடியே வந்துட்டா?"

"போனையும் விட்டுட்டுப் போயிருக்கான்."

"போன் வச்சிருந்தா எங்க போனோம்னு அது எழுதி வச்சுக்குமாம். அவனோட அண்ணன் மகன் சொல்லிக் குடுத்தான்."

"சரி, அப்ப தூண்டில்?"

"அது பாக்கிறவங்களுக்கு."

யூருன் பெருமூச்சு விட்டாள். "ஹால்டிஸ், நல்லா யோசிச்சுச் சொல்லு. அவன் பறிக்கிற சதுப்பு எந்தப் பக்கம்?"

"தெரியாது."

"முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்திருக்கே!"

"அதனாலதான் கேட்டதில்ல," என்றாள் ஹால்டிஸ். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே உறைத்தது.

ஆனால் குல்மீரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். குல்மீர் என்றால் பொன் சதுப்பு. ஒரு காலத்தில் பள்ளத்தாக்கின் நடுவில் இருந்த பெரிய சதுப்பில் ஆகஸ்ட் மாதம் மஞ்சள் மஞ்சளாக முல்ட்டேப் பழம் விளையும். ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பழம். பாதிரியார் நாள் குறித்துச் சொல்வார், ஊரே கூடிப் பறிக்கும், பாட்டும் சண்டையுமாக ஒரு வாரம் போகும். பிறகு மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். பொன் சதுப்பு ஏரிக்கு அடியில் போனது. ஊராட்சிக்குப் பெயர் மட்டும் மிச்சம், சின்னத்தில் மூன்று மஞ்சள் பழங்கள் மிச்சம். நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அணையின் வருமானம் இல்லையென்றால் தொள்ளாயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடமும் முதியோர் இல்லமும் நீச்சல் குளமும் எங்கிருந்து வரும்? ஆடும் மரமும் எத்தனை பேருக்குச் சோறு போடும்? ஆனால் பழம் மலைமேல் சின்னச் சின்ன ஈரக் குழிகளுக்கு ஏறிவிட்டது. ஒரு குழி, ஒரு குடும்பம். சில வீடுகளில் ஒரு குழி, ஒரு ஆள். அன்றைக்குப் பூட்டியது இந்த ஊர்வாய், இன்றுவரை திறக்கவில்லை. யாரையாவது வாளியோடு பார்த்தால்கூட, "இந்த வருஷம் ஒண்ணுமே இல்லப்பா, ஜூன் பனியில பூவெல்லாம் கருகிடுச்சு," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கே பறித்தாய் என்று கேட்பவன் மனுஷனே இல்லை.

"நேத்து ராத்திரி புல்லெல்லாம் வெள்ளையாப் பனி விழுந்திருக்கு," என்றாள் யூருன். இப்போது அவள் குரலில் டீச்சரின் கண்டிப்பு வந்திருந்தது. "ஏரிமேல மூடுபனி. ஹெலிகாப்டர் வர முடியாதுங்கறாங்க. அடிபட்டு நனைஞ்சு கிடந்தான்னா இன்னொரு ராத்திரி தாங்க மாட்டான். கிழக்குச் சரிவை மறுபடியும் வரிசையாத் தேடப் போறோம். யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லிடுங்க."

எல்லாரும் ஆளுக்கொரு வாய் காபி குடித்தார்கள். ஹால்டிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இதில் யாரோ ஒருவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பக்கத்துப் பண்ணை சிக்வார்டின் மேல் போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

சிக்வார்ட் எதிலும் முந்திரிக்கொட்டையாக முன்னால் நிற்கிற ஆள். கல்யாணமோ சாவோ, ஊராட்சிக் கூட்டமோ, அவன் கருத்தைச் சொல்லாமல் எதுவும் நடக்காது. இன்றைக்குக் கூட்டத்தின் கடைசியில், மரக்கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். காபி ஆறிப்போய்க் கையில் இருந்தது. வசந்த காலத்தில் வேலி விஷயமாக அவனுக்கும் ஆர்ன்ஃபினுக்கும் வாய்ச்சண்டை முற்றி, அதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. 'உன்னை ஒருநாள் பாத்துக்கறேன்' என்று சிக்வார்ட் கத்தியதை ஹால்டிஸ் தன் காதால் கேட்டிருக்கிறாள். இன்னொன்றும் கவனித்தாள். எல்லாரும் கிழக்குச் சரிவைப் பார்க்கும்போது அவன் மட்டும் அடிக்கடி ஏரிக்கு அந்தப் பக்கம், மேற்கே, மூடுபனிக்குள் இருக்கும் நிழல்மலையைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"கயிறு பத்தாது," என்றாள் யூருன். "யார் கார்லயாவது இருக்கா?"

"என்கிட்ட இருக்கு, நானே எடுத்துட்டு வரேன்," என்று சிக்வார்ட் பதறிக்கொண்டு நகர்ந்தான். அந்தப் பதற்றம் போதும். ஹால்டிஸ் அவனுக்கு முன்னால் போய் அவன் காரின் பின்கதவைத் தூக்கினாள்.

கயிறு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை வாளி, மேலே ஈரப் பாசி பரப்பியிருந்தது. பாசிக்கு அடியில் என்ன இருக்கும் என்று குல்மீரில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஹால்டிஸ் பாசியை விலக்கினாள்.

பழம். கன்னம் இன்னும் சிவந்திருக்கும் பழம். முல்ட்டே காயாக இருக்கும்போது சிவப்பு, பழுத்தால் மஞ்சள். கிழக்குச் சரிவில் பத்து நாளைக்கு முன்பே எல்லாம் பழுத்துக் குழைந்து முடிந்துவிட்டது. வெயில் படாத, உயரமான, வடக்கே பார்த்த சதுப்பில் மட்டும்தான் இந்த நாளில் பாதிச் சிவப்பு இருக்கும். அப்படிப்பட்ட பழத்தை ஆண்டுதோறும், ஊரில் எல்லாரும் வாளியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஒரே ஒரு ஆள் வீட்டுக்குக் கொண்டு வருவான். முப்பத்தோரு வருஷமாக அதைக் கழுவி, சர்க்கரை போட்டுப் புட்டியில் அடைத்து, கிறிஸ்துமஸ் அன்று பாலாடையோடு பரிமாறியவள் அவள். அவளுக்குத் தெரியாதா?

சிக்வார்ட் அடிக்கடி பார்த்த நிழல்மலையும் வடக்கே பார்த்ததுதான். சிக்வார்ட் பின்னால் வந்து நின்றான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"கொட்டகைக்குப் பின்னால வா," என்றாள்.

"ஹால்டிஸ், இது கிழக்குப் பக்கம்..."

"பொய் சொல்லாதடா! கிழக்குல எல்லாம் கூழாப் போயி பத்து நாள் ஆச்சு. இது நிழல்மலைப் பழம். அவனோட இடத்துப் பழம். அவனை என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலை."

"வேலிச் சண்டையை மனசுல வச்சுக்கிட்டு அடிச்சுப் போட்டியா? தள்ளி விட்டியா? சொல்லித் தொலை!"

"ஒண்ணுமே பண்ணலை, ஹால்டிஸ். அதான் தப்பு. நான் ஒண்ணுமே பண்ணலை." சிக்வார்ட் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நூறு கிலோ ஆள், மூக்கைச் சட்டைக் கையால் துடைத்தான்.

அவள் அசையவில்லை. அவன் சொல்லத் தொடங்கினான்.

"மூணு வருஷம் முன்னாடி ஒரு ஆடு தொலைஞ்சு போச்சுன்னு நிழல்மலையில தேடிட்டுப் போனேன். அங்க, மேல் குளத்துக்குப் பின்னாடி, அந்தச் சதுப்பைப் பாத்தேன். அவன் பறிச்ச அடையாளம் இருந்துச்சு. விட்டுட்டு வந்திருக்கணும். விடலை. வருஷா வருஷம் அவன் போற நாளாப் பாத்து அதுக்கு மறுநாள் போவேன், ஓரமாப் பறிச்சுட்டு வந்துருவேன். நேத்து நாள் கணக்கு தப்பிப்போச்சு. மத்தியானம் போறேன், அங்க அவன் இருக்கான்."

"நின்னுட்டு இருந்தானா?"

"குட்டைப் பூர்ச்சஞ்செடிக்குப் பின்னாடி குப்புறப் படுத்திருந்தான். முதுகு தெரிஞ்சுது. என் காலடிச் சத்தம் கேட்டு ஒளிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன். சதுப்பை எனக்குக் காட்டக் கூடாதுன்னு படுத்திருக்கான், சரி, நாமளும் பாக்காத மாதிரி போயிடுவோம்னு திரும்பிட்டேன். அவன் ஒளியறான், நான் ஒளியறேன். அவ்வளவுதான் நினைச்சேன், சத்தியமா!"

"அப்புறம் இந்த வாளி?"

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். "சுத்திப் போயி அந்தக் கடைசியில கொஞ்சம் பறிச்சேன்."

ஹால்டிஸுக்கு அவனைக் காலால் உதைக்கலாம் போல இருந்தது. "நேத்து சாயங்காலமே ஊரெல்லாம் அவனைத் தேடினாங்களே! அப்ப எங்க போச்சு வாய்?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். வந்தா முப்பது பேர் நிக்கறாங்க. அடுத்தவன் சதுப்புல திருடறவன்னு ஊர் பூரா ஆயிடும். இந்த ஊர்ல அதுக்கு மேல என்ன பேர் வேணும்? விடிஞ்சா அவனே இறங்கி வந்துருவான்னு நினைச்சேன். ஒவ்வொரு மணி நேரமும் போகப் போக, இனிமே எப்படிச் சொல்றதுன்னு..."

திருட்டு! சட்டப்படி நிழல்மலை முழுக்க ஊராட்சிப் பொது நிலம். யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதிவேட்டில் அதை எழுதி வைத்திருப்பவளே ஹால்டிஸ்தான். அதைச் சொல்ல அவளுக்கு அப்போது பொறுமை இல்லை. சிக்வார்டின் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி, முற்றத்தின் நடுவுக்குக் கொண்டு வந்து நிறுத்தினாள்.

"யூருன்! கிழக்கு வேண்டாம். நிழல்மலை. இவன் வழி காட்டுவான்."

"இவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அதை அப்புறம் பேசிக்கலாம்."

ஊர் புரிந்துகொண்டது. பார்த்த பார்வையில் சிக்வார்ட் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டான். அவனைப் பார்த்த கண்கள் அதே வேகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். இவனே திருடியிருக்கிறான் என்றால் என் இடத்தில் எவன் பறிக்கிறானோ என்று அத்தனை மனசும் கணக்குப் போட்டது. போர்கில் மட்டும் உள்ளே ஓடிப்போய் இரண்டு கம்பளியும் ஒரு சூடான குடுவையும் கொண்டு வந்து ஹால்டிஸின் கையில் திணித்தாள்.

"நேத்துப் பேசினதை மனசுல வச்சுக்காத," என்றாள் ஹால்டிஸ்.

"முதல்ல ஆளைக் கண்டுபிடி. அப்புறம் சண்டை போடலாம்."

ஆர்ன்ஃபின் ஓடையில் மேலே ஏறவே இல்லை என்பது இப்போது விளங்கியது. தண்ணீருக்குள்ளேயே கீழே இறங்கி, அணைச் சுவர் மேல் நடந்து மேற்குக் கரைக்குப் போயிருக்கிறான். சிமெண்டில் ஏது தடம்? அதே சுவர் மேல் இப்போது முப்பத்தெட்டுப் பேர் வரிசையாகப் போனார்கள். இடப்பக்கம் ஏரி, அதற்கடியில் பழைய பொன் சதுப்பு. ஹால்டிஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் வழுக்கியது, மூச்சு வாங்கியது, நிற்கவில்லை.

நிழல்மலை ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. மேல் குளத்துக்குப் பின்னால் வந்ததும் சிக்வார்ட் கையை நீட்டினான். "அதோ அந்தச் செடிக்குப் பின்னாடிதான் படுத்திருந்தான்."

அங்கே ஆள் இல்லை. இரண்டு பாறைகளுக்கு இடையில் ஒரு ரப்பர் பூட்ஸ் சிக்கி நின்றது, கால் இல்லாமல். பாசி நசுங்கியிருந்தது. வாளியும் இல்லை.

"ஆர்ன்ஃபின்!" என்று யூருன் கூப்பிட்டாள். முப்பத்தெட்டுத் தொண்டைகளும் சேர்ந்து கூப்பிட்டன. மலை திருப்பிக் கூப்பிட்டது. அவன் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நாய் சதுப்பின் ஓரத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கும் தண்ணீர், மோப்பம் நிற்கவில்லை.

யூருன் ஹால்டிஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று ஹால்டிஸுக்குத் தெரிந்தது. காலை உருவிக்கொண்டு தவழ்ந்திருக்கிறான். எவ்வளவு தூரம் தவழ்ந்திருக்க முடியும்? கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கேட்கிற தூரத்தில் இருந்தும் பதில் வரவில்லை என்றால்?

அப்போதுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு மட்டும்தான் அப்படி ஒரு சந்தேகம் வரும். வாளி எங்கே? உடைந்த காலோடு தவழ்கிறவன் வாளியை எதற்கு இழுத்துக்கொண்டு போனான்?

"எல்லாரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போங்க," என்றாள் மெதுவாக. "சத்தம் போடாதீங்க. நாயையும் கூட்டிட்டுப் போங்க."

"ஹால்டிஸ், நேரமில்ல..."

"ரெண்டே நிமிஷம் குடு, யூருன்."

அவர்கள் போனார்கள். அவள் சதுப்பின் நடுவில் முழங்கால் வரை ஈரத்தில் போய் நின்றாள்.

"ஆர்ன்ஃபின். நான்தான். எல்லாரும் போயிட்டாங்க. நான் தனியாத்தான் இருக்கேன்."

காற்று செடிகளை அசைத்தது. அவள் கும்பிடாத குறையாகக் காத்திருந்தாள். பிறகு, இருபதடி தூரத்தில், ஒரு பாறைச் சந்திலிருந்து, பனியில் கம்மிப்போன ஒரு குரல் வந்தது.

"நிஜமாவா?"

ஹால்டிஸ் ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள். ஆர்ன்ஃபின் உடம்பெல்லாம் பாசியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தான். உதடு நீலம். இடது கால் போகக் கூடாத திசையில் திரும்பியிருந்தது. வாளி தலைமாட்டில், பாசி மூடி. அவள் அவனைக் கட்டிக்கொண்டாள், கம்பளியைச் சுற்றினாள், அடுத்த நொடியே அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"பாவி! நாங்க கத்தினது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு."

"செத்துட்டேன்னு நினைச்சேன்டா!"

"நிறையக் குரலா இருந்துச்சு," என்றான். பற்கள் தந்தி அடித்தன. "எத்தனை பேரு?"

அவள் குடுவையைத் திறந்து சூடான காபியை அவன் வாயில் வைத்தாள். பாதி அவன் கழுத்தில் வழிந்தது. "நேத்து சிக்வார்ட் வந்தானாமே, இங்கேயே. நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"கால் எப்ப உடைஞ்சுது?"

"அவன் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

"அப்ப?"

ஆர்ன்ஃபின் கண்ணை மூடிக்கொண்டான். "கூப்பிட வாயைத் திறந்தேன். அவன் கையில வாளி இருந்துச்சு. மூடிக்கிட்டேன். எப்படியும் தவழ்ந்து போயிடலாம்னு நினைச்சேன்."

ஹால்டிஸ் இரண்டாவது கம்பளியையும் அவன் மேல் இழுத்துச் சுற்றினாள். கோபமா, இரக்கமா, என்னவென்று தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குள் குமுறியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் நாய் குரைத்தது. ஆர்ன்ஃபின் தலையைத் திருப்பிக் கேட்டான். அவன் முகம் வாடுவதை அவள் பார்த்தாள். தனியாகத்தான் இருக்கிறேன் என்று அவள் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு," என்றாள். "நேத்து சிக்வார்டுக்குப் பதிலா நான் வந்திருந்தேன்னு வச்சுக்க. கையில வாளியோட நான் வந்திருந்தா? என்னைக் கூப்பிட்டிருப்பியா?"

ஆர்ன்ஃபின் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். சட்டென்று ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

அவன் யோசித்தான். ஆட்கள் தூக்குப்படுக்கையோடு மேட்டைத் தாண்டி இறங்கி வந்தார்கள், அவனைத் தூக்கிப் படுக்கவைத்து வாரைப் போட்டு இறுக்கினார்கள். அதுவரைக்கும் அவன் யோசித்துக்கொண்டேதான் இருந்தான்.